கண்ணாடி அலுமாரியில் அந்து

அந்துப்பூச்சியைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பறப்பதுகூட ஒழுங்காகப் பறக்காது, வெறிகாரன் மாதிரித் தள்ளாடும். கல்யாணமாகி வட்டுக்கோட்டைக்கு வந்த கொஞ்ச நாளில், அப்படி ஒன்று மாமியின் புட்டுக் கோப்பைக்கு மேலே சுற்றியது.

"உது கொம்மாவின்ரை மாவிலையிருந்துதான் வந்தது" என்றார் மாமி. "வறுக்கத் தெரிஞ்ச ஆக்கள் வறுத்தால் அந்து பிடிக்குமே?"

என் அம்மா அரியாலையில் அரிசிமா வறுத்து விற்கிறவர்; எங்களுக்கும் ஒரு போத்தலில் அனுப்பியிருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்த மாதான் என்னைப் படிப்பித்தது. மாமி அரியாலையிலிருக்கும் தன் சொந்தங்களுக்குப் போன் எடுத்து அந்துக் கதையைச் சொன்னார். எல்லாம் அம்மாவிடம் மா வாங்குகிற வீடுகள். ஒவ்வொன்றாக வேண்டாம் என்றன.

"விடுமப்பா, என்ரை அம்மா வயசுபோன மனுசி" என்றார் கணவர்.

"அதுக்கு என்ரை அம்மா பட்டினி கிடக்கிறதோ?"

அவர் ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மாமி மாவைக் கோழிகளுக்குக் கொட்டினார். நான் வெறும் போத்தலைக் கழுவிக் கவிழ்த்தேன். மா போயும் அந்து போகவில்லை. இப்போது அந்துப் புழுக்கள் விறாந்தைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன.

"படிச்சவ சுவரிலை என்ன வாசிக்கிறா?"

"புழு எங்கையிருந்து வருதெண்டு பாக்கிறன், மாமி."

கண்ணாடி அலுமாரியின் பின்னாலிருந்துதான் வந்தன. அலுமாரிக்குள் மாமியின் மகள், லண்டன் மச்சாள், கொண்டுவந்த நட்ஸ் பக்கற். யாரும் தின்னக் கூடாது. வருகிறவர்கள் பார்க்க வேண்டும். எடுத்துத் திருப்பினேன். அடியில் புழு அரித்து வெளியேறிய ஓட்டைகள். உள்ளே பருப்பெல்லாம் நூல் கட்டி, கட்டியாகி, புழு நெளிந்தது.

மாமியின் மடியில் வைத்தேன். "வாய் வெட்டாத பக்கற், மாமி. லண்டனிலை இதை ஆர் வறுத்தது?"

"உன்ரை மாவிலையிருந்துதான் இதுக்குள்ளை போயிருக்கும்!"

"மூடி இறுக்கின போத்தலிலையிருந்தோ? சரி, அதையும் அரியாலைக்குச் சொல்லுங்கோ."

அவர் சொல்லவில்லை. நான் பக்கற்றைப் படமெடுத்து, அவர் போன் எடுத்த எல்லாருக்கும் அனுப்பினேன். சில வீடுகள் திரும்ப மா வாங்கத் தொடங்கின. சில வீடுகள் இன்னும் இல்லை. அதை நான் மறக்கவும் மாட்டேன்.

அடுத்த கிழமை அம்மா புது மா அனுப்பினார். பக்கற் இருந்த இடத்தைத் துடைத்து, மாப் போத்தலை அங்கே வைத்தேன். அன்று தொடக்கம் மாமி என்னோடு கதைப்பதில்லை. வருகிறவர்கள் அலுமாரியைப் பார்த்து, "உதென்ன போத்தல்?" என்று அவரைத்தான் கேட்கிறார்கள்.

"என்ரை அம்மா வறுத்த மா" என்கிறேன் நான்.