வாத்தியார் அடித்தார், நான் சாட்சி சொன்னேன்

என் மணிச்சத்தம் கேட்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் எனக்குப் பொறுக்குமா? பொறுக்கவில்லை. அங்கேதான் நான் தப்புச் செய்தேன்.

கொல்லிமலைக்கு பஸ் ஏறாத காலம் அது. வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆயா. தண்ணீர் எடுப்பது, கூட்டுவது, மணி அடிப்பது என் வேலை. பலா மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் நான் ஒன்று போட்டால், மிளகுக் காட்டில் நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்றாம் வகுப்பில் பாவாயி என்று ஒரு பெண். முகத்தைப் பார்த்துப் பேசினால் டக்கென்று பதில் சொல்வாள். ஆனால் கோடையில் வந்த பெருங்காய்ச்சலுக்குப் பிறகு, இடைவேளை முடிந்தும் வெளியே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் வாத்தியார் பிடித்துக்கொண்டார்.

“மணி அடிச்சது கேக்கலியா?”

“கேக்கலீங்க சார்.”

என் பக்கம் திரும்பினார். “ஏம்மா நல்லம்மா, நீ அடிச்சியா இல்லியா?”

“என்னங்க சார் இப்படிக் கேட்டுப்போட்டீங்க! செத்தவனுக்கே கேக்குமுங்க. புள்ள பொய் சொல்லுதுங்க.”

பிரம்பு இறங்கியது. அவள் வலது கை வீங்கிவிட்டது.

மறுநாள் காலை அவள் அப்பா வந்தார். “பொய்க்காரின்னு பேரெடுத்த புள்ளைக்குப் படிப்பெதுக்குங்க? இந்த வாரத்தோட நிறுத்திக்கிறேன், மாடு மேய்க்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் பாவாயி பலா மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிப் புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாள். மணி அடித்தேன். மற்ற பிள்ளைகள் ஓடின. இவள் அசையவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன். காக்கை பறந்தது, இவள் கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தாள்! முன்னால் போய், “கண்ணு, மணி அடிச்சுட்டேன்” என்றேன். என் வாயைப் பார்த்தாள், எழுந்து ஓடினாள்.

உடனே வாத்தியாரிடம் சொன்னேன். “நேத்துப் பொய்யின்னே, இன்னிக்குச் செவிடுங்கறே. போயி உன் வேலையப் பாரு” என்றார்.

அதற்கு அடுத்த நாள் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் மலையேறி வந்தார். பாவாயி இடது கையால் ஸ்லேட்டில் கிறுக்குவதைப் பார்த்து, “கைக்கு என்ன?” என்றார்.

“கீழ்ப்படியாத பிள்ளை சார்” என்றார் வாத்தியார்.

நான் வாசலில் குடத்தோடு நின்றிருந்தேன். வேலை போனால் போகட்டும் என்று உள்ளே நுழைந்துவிட்டேன்.

“இல்லீங்க அய்யா, அது காது கேக்காத புள்ளைங்க. பொய் சொன்னது நானுங்க.”

“தண்ணி எடுக்கறவ பேச்சு சார்” என்று வாத்தியார் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “போயி மணி அடிம்மா” என்றார்.

அடித்தேன் பாருங்கள், அந்த அடி! ஜன்னல் வழியே பார்த்தால் வகுப்பு முழுக்கத் தலை திரும்பியிருக்கிறது. பாவாயி மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. அவள் எதிரே குந்தி, முகத்துக்கு நேராக, “தப்புப் பண்ணிட்டேன் சாமி” என்றார். இன்ஸ்பெக்டர் அதோடு விடவில்லை.

“அவகிட்டச் சொன்னது சரி. யாரை அடிச்சீங்க, எதுக்கு அடிச்சீங்க, விசாரிச்சீங்களான்னு ரிஜிஸ்தர்ல எழுதுங்க. அப்பாவைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டுங்க. இனிமே அவளுக்கு முன்வரிசை.”

அப்பா வந்து முழுக்கக் கேட்டார். “அப்ப எம் புள்ள பொய்க்காரி இல்லீங்களா?”

“இல்லீங்க” என்றார் வாத்தியார்.

“அப்பச் சரிங்க. நாளைக்கும் வருமுங்க.”

எனக்கு வந்த சந்தோஷத்தில் சும்மா நிற்க முடியவில்லை. “சார், எம் பேரையும் எழுதுங்க. அடிச்சது நீங்க, சாட்சி நான்” என்றேன். எழுதினார். கீழே நானே எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். சர்க்கார் நோட்டில் என் பேர் ஏறியது அதுதான் முதல் தடவை. குற்றத்துக்காகத்தான் ஏறியது. ஆனாலும் கோணாமல் எழுதினேன்.

பிள்ளைகளை வைத்து வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பிரம்பைத் தூக்குமுன் பிள்ளைக்கு எதிரே போய் நின்று ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். அதற்குள் தூக்கிவிட்டீர்கள் என்றால், ரிஜிஸ்தரில் உங்கள் பேரை நீங்களே எழுதுங்கள்.