பந்தைத் தொடாத பேக்

என் அண்ணன் கால்பந்தில் பேக் ஆடுகிறவன், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனவன் என்று ஒருத்தனைக் காட்ட முடியாது. தங்கை என்பதால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். ஆனாலும் ஆரியங்கோட்டிலிருந்து ஆட்கள் அவன் ஆட்டம் பார்க்க நடந்தே வந்தது பொய்யில்லை.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களில் அண்ணனும் உண்டு. சந்தைமுக்கில் போலீஸ் லாரி நிற்பது வழக்கமாகியிருந்தது. கொல்லயில் ஊர்க்காரர் ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவரால் குந்தி உட்கார முடியவில்லை.

ஒரு நாள் இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா கொடுத்த சாயாவைக் குடித்தார். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், ஊர் அமைதியாக இருப்பதை அவர்கள் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு பந்தாட்டம் வைக்கிறோம், உங்கள் மகன் இறங்கினால்தான் கூட்டம் வரும் என்று அம்மாவிடம் மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஆராதனை உண்டு என்பதால் சனிக்கிழமைக்கு மாற்றியதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். மிரட்டியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அவர் போனதும் அம்மா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாளாக்கும் மக்கா. போய்ப் பந்து களிச்சிட்டு வந்திரு. எனக்கு உன் காலு முழுசா வேணும்."

போராட்டக்காரர்களோ, ஆடினால் ஊரைக் காட்டிக்கொடுத்ததாகும் என்று சொல்லியனுப்பினார்கள். அண்ணன் தனியாக, அறுப்பு முடிந்த வயலில் போய்ப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம்தான் குளச்சலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஜீப் எங்கள் வீட்டு முன்னால் நின்றுபோனது. உள்ளே ஒரு வெள்ளைக்காரர். நார்வே நாட்டுக்காரர், கொல்லம் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் வைக்க வந்தவர். டிரைவர் பழுது பார்க்கிற நேரத்தில் அவர் வயலில் இறங்கி, கமுகுத் தடி நட்டுச் செய்த கோல் போஸ்டைத் தட்டிப் பார்த்தார். அங்கே நின்ற அண்ணன் பேக் என்று நான் சொன்னதும், தானும் பேக் ஆடினவன் என்றார். மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் எனக்கு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

எவ்வளவு காலம் ஆடினார் என்று அண்ணன் கேட்கச் சொன்னான். சின்ன வயதிலேயே ஊர் அணியில் இடம் கிடைத்ததாம். பிறகு ஐந்து வருஷம் ஆடவில்லை. காலில் அடியா என்றேன். இல்லையாம். ஜெர்மன்காரர்கள் அவர் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம். எல்லாம் சுகமாக இருக்கிறது என்று காட்ட அவர்களுக்குப் பந்தாட்டம் தேவைப்பட்டது. ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குப் போகவில்லை. பார்க்கவும் ஆள் போகவில்லை.

இதைத் தமிழில் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டேன்.

"பொறவு களிச்சாரான்னு கேளு."

ஆடினாராம், கொஞ்ச நாள். வயது போய்விட்டிருந்தது, பையன்கள் அவரைச் சுலபமாகத் தாண்டினார்கள். வருத்தம் உண்டா என்று நானாகத்தான் கேட்டேன். உண்டு, தினமும் உண்டு என்றார். ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

சனிக்கிழமை வரப்பு முழுக்கத் தலை. அதிகாரிகள் நாற்காலியில் இருந்தார்கள், சுற்றிலும் லத்தி. அண்ணன் வயலில் இறங்கியதைப் பார்த்ததும் அம்மாவுக்கு மூச்சு வந்தது. விசில் ஊதினார்கள். அண்ணன் தன் இடத்தில் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டான். பந்து வந்தது; அவன் அசையவில்லை. பந்தைக் கொண்டுவந்தவன் தயங்கி நின்றான், பிறகு தாண்டிப் போய்க் கோல் அடித்தான். யாரும் கைதட்டவில்லை. அடுத்த கோலுக்கும் அப்படியே. பிறகு எதிரணிக்காரர்களே அந்தப் பக்கம் வரக் கூசினார்கள். வரப்பிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், மலையாளம் பேசுகிற அண்டைவீட்டுக்காரர்களும்தான். கடைசியில் நாற்காலிகளையும் லத்திகளையும் தவிர நானும் அம்மாவும்தான் மிச்சம். இன்ஸ்பெக்டர் அதே சிரிப்போடு அண்ணனின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது வலது முழங்கால் மடங்கவில்லை. அம்மா எண்ணெய் தடவும்போதெல்லாம் அவனைத் திட்டினாள், திட்டும்போதே அழுதாள். எனக்கு அந்த வெள்ளைக்காரர் மேல்கூட ஆத்திரம் வந்தது. அந்த ஜீப் வேறெங்காவது நின்று தொலைத்திருக்கக் கூடாதா?

பிறகு எல்லை போட்டார்கள். பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது. நாங்கள் கேரளத்திலேயே நின்றோம். அண்ணன் எதற்காகக் காலைக் கொடுத்தானோ, அது எங்கள் ஊருக்குக் கிடைக்கவே இல்லை.

அதற்கடுத்த நெல் கொய்த்து முடிந்ததும் வயலில் மறுபடி பந்தாட்டம் தொடங்கியது. அண்ணன் வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்து பார்ப்பான். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நார்வேக்காரரிடம் கேட்டதையே அவனிடமும் கேட்டேன்.

"உண்டு மக்கா," என்றான். "தெவசமும் உண்டு."

அப்போது ஒருத்தன் பந்தோடு எங்கள் பக்கமாக ஓடி வந்தான். அண்ணனின் மடங்காத கால் தானாக அவன் வழிக்கு நகர்ந்தது.