மாரம்மாவின் மாடிக் குடித்தனம்

ஜீப் சத்தம் கேட்டால் மாரம்மாவின் கை முதலில் துணிக்கொடிக்குத்தான் போகும். மேல்வீட்டு நீமாவின் துணிகளை, ஈரமோ காய்ந்ததோ, சுருட்டி அள்ளிக்கொண்டு கீழே வந்துவிடுவாள். தன் புடவைகளை அப்படியே விட்டுவிடுவாள். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் ஓடுவதில் பாதி கம்பெனி ஜீப்தான் என்று பக்கத்து வீட்டிலிருந்து நான் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. "போலீசா இருந்துட்டா நீங்களா வந்து பேசுவீங்க?" என்பாள்.

மாரம்மா ஒரு கம்பெனி கேண்டீனில் சப்பாத்தி தேய்ப்பவள். தண்ணீர் லாரிக்காரரை அவள் திட்டினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மாடியில் பீகார், ஒடிசாப் பையன்கள்தான் மாறி மாறிக் குடியிருந்தார்கள். ஆதார் நகல் ஒன்றை வாங்கி அரிசி டின்னுக்கு அடியில் வைத்தால் அவள் கடமை முடிந்தது. போன வருடம் தான்சானியாவிலிருந்து படிக்க வந்த நீமா குடிவந்தபோது, பாஸ்போர்ட் நகலை வாங்கி அதே டின்னுக்கு அடியில் வைத்தாள். வெளிநாட்டுக்காரரைக் குடிவைத்தால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அப்போது தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

நீமாவும் யோசிக்கவில்லை. கல்லூரி அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில். வாடகை எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊரில் குறைவு. டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் மாநிலம் மாறுவதை இங்கே யார் பெரிதாக நினைக்கிறார்கள்? போலீஸ் பதிவேட்டில் அவள் பெயர் மட்டும் இன்னும் பழைய ஹாஸ்டல் முகவரியில்தான் பதிவாகியிருக்கிறது.

முன்பு அந்தக் கல்லூரியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய இருந்தார்களாம். இப்போது ஒரு ஷேர் ஆட்டோவில் அடக்கிவிடலாம். ஆள் குறைந்ததும் ஒவ்வொரு முகமும் போலீஸ் கண்ணில் பட ஆரம்பித்தது. முகவரி மாறித் தங்கிய ஒரு பையனைப் படிப்பு முடியும் முன்பே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நீமா சொன்ன அன்றிலிருந்து மாரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. நீமாவுக்கு இது கடைசி செமஸ்டர்.

போன வாரம் எதிர்வீட்டுக்குப் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், போகிற போக்கில் பூட்டியிருந்த மாடிக் கதவைப் பார்த்துக் கேட்டார்: "மேல யாரும்மா?"

"எங்க அக்கா பொண்ணு சார்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மாரம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சொல்லாம ஊட்ல வெச்சது ஒரு தப்பு, இப்ப பொய்யும் சொல்லிட்டேன். அந்தப் புள்ள படிப்பு என்னாலயே போயிடும் போல" என்றாள்.

நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தவள் நீமாதான். "ஹெதரபேடி ஆண்ட்டி, பயப்படாதீங்க. நாம போய் சொன்னா ஃபைன் மட்டும். அவங்க புடிச்சா நான் ஊருக்கு." கல்லூரியில் கற்ற கன்னடமும் மாரம்மாவிடம் கற்ற தமிழும் கலந்த பேச்சு.

இன்று காலை கிருஷ்ணகிரி பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிடப் போனேன். வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு செய்யும் எஸ்.பி. ஆபீசில் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதாக மாரம்மா வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். ஜன்னலோரம் நீமா, பக்கத்தில் அவள். பஸ் கிளம்பும் நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். மாரம்மா தன் முந்தானையை இழுத்து நீமாவின் தலைமேல் போட்டு முகத்தை மூடினாள்.