மூன்று விரற்கடைச் சிவப்பு

இறக்குமதி உரிமம் பற்றிய மனுவுக்கு முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது விதி. அந்த விதி இருந்த அலுவலகத்தில்தான் நான் ஓய்வு பெற்றேன். அதனால் மனு எழுதித் தரக் காஞ்சிபுரம் போகும்போது என் நம்பிக்கை அளவாகவே இருந்தது.

1966 ஜூலை 18, காலை ஏழு மணி. சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர். கண்டக்டருக்கு இன்னும் மைல் கணக்குத்தான். கட்டணம் இரண்டு ரூபாய் பத்து காசு.

"டாலர் எங்கியோ ஏறிக்கினு போவுது, நமக்கு இன்னா சார்?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். மனு எழுதித் தரச் சொல்லிப் போன வாரம் கடிதம் வரும் வரை நானும் அப்படித்தான் பேசினேன்.

ஒன்பதரைக்குக் காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம். சாயம் போடும் மாணிக்கம் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னார். அவருடைய உரிமத்தில் இருப்பது ரூபாய்க் கணக்கு. ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டதால் அதே தொகைக்கு முன்பு வந்த சிவப்புச் சாயத்தூளில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. தொகையை உயர்த்தக் கேட்டால், அந்தச் சிவப்பில் நனைத்த பட்டு நூலில் மாதிரித் துண்டு மூன்று வேண்டும் என்கிறது அலுவலகம். டப்பாவில் மிச்சமிருந்த தூள் ஒரே ஒரு புடவைக் கரைக்குத்தான் போதும். அந்தப் புடவை பக்கத்து வீட்டுச் சரோஜாவின் தறியில் ஏறவேண்டியது. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு, ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுத்தாக வேண்டும். தவறினால் பெண் வீட்டார் வேறு தறிக்குப் போய்விடுவார்கள்.

"ஒண்ணு அனுப்பிட்டு மூணுன்னு எழுதுங்களேன்" என்றார் பேச்சைக் கேட்டு வந்த சரோஜா.

"எண்ணிப் பார்ப்பாங்கம்மா. அங்கே ஒழுங்கா நடக்கறது அது ஒண்ணுதான்" என்றேன்.

"எவ்ளோ நீளம் கேட்டுக்கீறாங்க?"

விதியில் நீளம் இல்லை. மூன்று விரற்கடை போதும் என்றேன். சரோஜா கத்தரியோடு தறிக்குப் போனார். போன புடவையின் சிவப்புக் கரை நூல் ஒரு சாண், இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த புடவையின் நெடுக்கு இழைகளான பாவு நூலை அதில்தான் பிணைப்பார்கள்.

"அய்யய்யோ, அத்த அறுத்துட்டு எதுல பிணைப்ப?" என்று மாணிக்கம் ஓடினார்.

"ஒவ்வொரு இழையா அச்சுல கோத்துக்கிறேன். மூணு நாள் ஆவும், ஆவட்டும். உன் தூளு என் கரைக்குத்தான். கலக்கற வேலைய பாருபா."

ஒரு சாண், மூன்று துண்டு. அட்டையில் கட்டி, மனுவோடு பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு மூன்றரை மணி பஸ் ஏறினேன்.

புடவை முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பே போய்ச் சேர்ந்ததாக மாணிக்கம் கார்டு போட்டார். அடுத்த கார்டில், அதே கல்யாணப் பெண்ணின் வளைகாப்புப் புடவை சரோஜாவின் தறியில் ஏறியிருப்பதாகவும், சிவப்புத் தூள் இல்லாததால் கரை பச்சை என்றும் எழுதியிருந்தார். உரிமத் தொகையை உயர்த்தியிருப்பதாக அலுவலகத்தின் பதில் அவருக்கு வந்து சேர்ந்தது 1967 மார்ச் 14 அன்று.