வேலியின் முன்பக்கம்

கிட்வேயில் எங்கள் செம்பு ஆலையின் காவல் அதிகாரி கபெம்ப்வா. மூத்த மகள் பெயரைச் சேர்த்து ஊரே அவரைக் "கலுபா அப்பா" என்று கூப்பிடும். வாசல் காவலாள் ஜெரே மட்டும் "குரங்குதின்னி" என்பான். இவர் பதிலுக்கு "எலிதின்னி" என்பார். இவர் பெம்பா இனம், அவன் ங்கோனி இனம்; இரண்டு இனத்துக்கும் கேலி பேசிக்கொள்கிற மச்சான் முறை. சாவு வீட்டில்கூட இந்தக் கேலி நிற்காது. கபெம்ப்வாவின் தம்பியைப் புதைத்த அன்று, "காட்டுல ஒரு குரங்கு உயிர் பிழைச்சுது" என்றவன் ஜெரே. இவரும் அழுதுகொண்டே சிரித்தார்.

போன மழைக்காலத்தில் சந்தைக்குக் குறுக்கு வழியாகப் போன தக்காளிக்காரி ஒருத்திக்கு, அமிலத் தொட்டி முற்றத்தில் கால் வெந்துபோனது. தூக்கி வந்தவர் கபெம்ப்வா. முற்றத்துக்குப் புது வேலி தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது.

"இன்னொருத்தி கால் அங்க படக்கூடாதும்மா," என்றார் என்னிடம். நான் கிடங்கு ஜன்னலில் கையுறை கொடுக்கிறவள். எல்லாரும் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுவார்கள்.

மூன்று வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். வலைக்கம்பி போட்டால் ஒரே வாரத்தில் வெட்டிக்கொண்டு போய்க் கோழிக்கூடு கட்டிவிடுவார்கள். மதில் எழுப்பினால் பின்னால் ஏறுகிறவன் காவலாள் கண்ணில் படமாட்டான். முள்சுருள் போட்டால் கால் வெந்தவளுக்குப் பதிலாகக் கை கிழிந்தவளைத் தூக்க வேண்டும். கடைசியில் விரல் நுழையாத சிறுகண் இரும்புத் தட்டியைத் தேர்ந்தெடுத்தார். நல்ல தேர்வு, குறை சொல்ல மாட்டேன்.

வரைபடத்தில் "வழவழப்பான பக்கம் முன்னால்" என்று போட்டிருந்தது. எது முன்னால் என்று வெல்டர் கேட்டான்.

"மேனேஜர் ஆபீஸ் இருக்கிற பக்கம். வேற எது?" என்றார் கபெம்ப்வா.

தட்டியைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எல்லாம் ரோட்டுப் பக்கம் போயின. அன்றே ஜெரே ஆரம்பித்தான்.

"ஏ குரங்குதின்னி, உன் சொந்தக்காரங்க ஏறி வர ஏணி போட்டுட்டியா?"

"போய் எலி புடிடா!"

தினமும் இதே பாட்டு. ஐந்தாம் நாள் கபெம்ப்வா என் ஜன்னலுக்கு வந்தார்.

"அவன் கேலிதானம்மா பண்றான்?"

"அவனையே கேளுங்க."

"எப்படிக் கேக்குறது? ஆமான்னாலும் கேலி, இல்லைன்னாலும் கேலி. கேட்டுட்டேன்னா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரே தட்டில் ன்ஷிமாக் களி பிசைந்து தின்கிற இரண்டு ஆண்களுக்கு, நேராக ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை! அவரோ உள்ளே நின்று பார்த்தார், வெளியே நின்று பார்த்தார். வேலி என்று நினைத்தால் வேலியாகத் தெரிந்ததாம், ஏணி என்று நினைத்தால் ஏணியாகத் தெரிந்ததாம்.

மறுநாள் காலை தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு ரோட்டுப் பக்கம் போனார். முதல் கம்பியில் பூட்ஸை வைத்தார். ஐம்பத்துநாலு வயது, தொப்பை வேறு. சந்தைக்குப் போன பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். நான் பத்து எண்ணுவதற்குள் உச்சியில் இருந்தார்.

அங்கே கையை நீட்டி எதையோ எடுத்தார். சிவப்புப் பூப்போட்ட துணிக் கிழிசல், பெண்கள் இடுப்பில் சுற்றுகிற சித்தெங்கேத் துணி. வேலி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஜெரே கீழே நின்றான். வேலி உச்சியில் குரங்குதின்னி. இதைவிட அவனுக்கு என்ன வேண்டும்? நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அவன் தொப்பியைக் கழற்றினான்.

"பார்த்து இறங்குங்க, கலுபா அப்பா."

கபெம்ப்வாவின் முகம் செத்துவிட்டது.

"இது ஏணிதான்னு உனக்கு நிஜமாவே தெரியுமாடா?"

"மொத நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டுத்தானங்க இருந்தேன்."

அவர் இறங்கவில்லை. கிழிசலைக் கையில் சுருட்டிக்கொண்டு, "திட்டுடா, எலிதின்னி," என்று கெஞ்சினார். "ஒரு தடவை திட்டுடா."

ஜெரே தொப்பியைக் கீழே வைத்துவிட்டு, அவரைப் பிடிக்க இரண்டு கையையும் மேலே நீட்டினான்.