சத்தியமங்கலத்து மண்

நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில், பட்டப்பகலில் நடந்தது இது. ஜெனிதாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அவளும் மெர்வினும் சேர்ந்து ஆய்வு செய்தவர்கள். துணியில் ஏற்றிய கஞ்சியைக் கரைக்கும் நொதியைச் சுரக்கிற பாக்டீரியாவை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை. மாதா கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில், இருவருக்கும் இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முந்தின நாள், சத்தியமங்கலத்தில் ஏதோ மரவள்ளிக் காட்டில் மண் எடுத்துத் திரும்பிய மெர்வின் மேல் லாரி ஏறிவிட்டது. சட்டைப்பையில் மண் பொட்டலம் மட்டும் பிரியாமல் இருந்தது. பாவி மகன், அதையாவது பத்திரமாகக் கொண்டுவந்தான்.

அந்த மண்ணிலிருந்து, மாவுச்சத்து கலந்த வளர்ப்புத் தட்டில் ஒரே ஒரு நல்ல பாக்டீரியாப் புள்ளி வளர்ந்தது. சோதிக்க அயோடின் ஊற்ற வேண்டும். தட்டிலுள்ள மாவுச்சத்து கறுக்கும். பாக்டீரியா தின்ற இடம் மட்டும் வெளுத்து நிற்கும். ஆனால் அயோடின் பட்ட பாக்டீரியா செத்துப்போகும். அதனால் முதலில் அதைக் கம்பியால் தொட்டு வேறு தட்டில் கோடு இழுத்து, நகல் எடுத்துவிட வேண்டும்.

சனிக்கிழமை நகல் எடுக்க உட்கார்ந்தவள், அழுத களைப்பில் மேசையிலேயே தூங்கிப்போனாள். விழித்ததும் வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு மதியம் வந்து, எடுத்துவிட்ட நினைப்பில் அயோடினை ஊற்றினாள். புள்ளியைச் சுற்றி அகலமாய் ஒரு வெள்ளை வளையம்... இத்தனை நாள் இருவரும் தேடியது அதைத்தான்.

அப்போதுதான் உறைத்தது. நகல் எடுக்கவே இல்லை!

மண்ணும் தீர்ந்துவிட்டது. எந்தக் காடு என்று சொல்ல அவனும் இல்லை.

"மறுக்காவும் உன்னைச் சாகக் குடுத்துப்போட்டனே, மெர்வின்..."

கிர்ர்ர்...

பக்கத்து ஸ்டூல் நகரும் சத்தம். திரும்பினாள். யாருமில்லை.

ஏதோ தோன்ற, தட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கும் வளர்ப்புப் பெட்டியைத் திறந்தாள். கூடுதலாக ஒரு தட்டு. அதே பாக்டீரியா. கோடுகள் அவள் இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

மெர்வின் இடக்கைக்காரன்.

பயம் பாதி... பாழாய்ப்போன ஆசை பாதி.

வராந்தாவில் இருந்த உதவியாளர் வெங்கடம்மாளிடம் ஓடினாள்.

"ஏனுங்கக்கா, நேத்து இங்க ஆராச்சும் வந்தாங்களா?"

"உங்களைத் தவுர ஆரும் வரலீங்க அம்மணி."

மறுநாள், ஆய்வுக்கூடக் கேமராவில் சனிக்கிழமைப் பதிவைப் போட்டுப் பார்த்தாள். அவன் முகம் ஒரு தரம் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

தெரியவில்லை. அவள் மட்டும்தான் இருந்தாள்.

தூங்கவில்லை.

வலக்கைப் பழக்கமுள்ளவள் இடக்கையால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே காலி ஸ்டூலைப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ கேட்டுத் தலையாட்டினாள். அரைமணி நேரம்.

அந்தக் கேமராவில் சத்தம் பதிவாகாது. அவன் என்ன சொன்னான் என்று ஜெனிதாவுக்கு இன்றுவரை தெரியாது.