தரையோரம் மறைத்த ஒயர்

எனக்குக் கோவையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளில் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தது. ஒயர்மேன் வேலை செய்த என் தம்பிதான் ஒயர் இழுத்தான். சுவரில் ஓடிய ஒயரில் அம்மா ஈரத்துணியைக் காயப்போட்டாள்.

"இன்னாம்மா, இது துணி காயப்போடுற கொடியா? உசுரு பூடும்," என்று திட்டினான். ஒயரையெல்லாம் கழற்றி, சுவரோரம் தரையை ஒட்டி இழுத்து, மேலே பலகை வைத்து ஆணி அடித்து மறைத்தான்.

"இனிமே உன் கண்ணுக்கே ஆப்டாது," என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவுவோம். அவன் வேலையிலிருந்து வருவதற்குள் தரை காய்ந்துவிடும். அதனால் அவனுக்கு அது தெரியாது. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் தண்ணீர் ஊற்ற, அம்மா பலகையோரம் துடைப்பத்தால் தள்ளினாள். அப்படியே விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த தம்பி, "வூட்ட கழுவுவோம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாக்கா?" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. அதற்குப் பிறகு அவன் ஒயரைத் தொடவேயில்லை. ஹார்பரில் மூட்டை தூக்கப் போனான்.

இப்போது அவனும் இல்லை. அந்தக் காலத்து ஒயர் நனைந்தாலே கரண்ட் வெளியே வருமா? தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அவன் அடித்த ஆணி ஒயரில் பட்டுத்தான் கரண்ட் வந்தது என்று மட்டும் இருக்க வேண்டாம்.